முடிச்சில்லாத கச்சான்

நாங்கள் தோண்டப் போனது ஒரு செப்புத் தகட்டை. அது கிடைத்தால் ஒரு பெண் அன்று பின்நேர அஸர் தொழுகைக்குள் தன் வாப்பாவின் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். கிடைக்காவிட்டாலும் அவளை யாரும் நம்பப் போவதில்லை. இப்படிப்பட்ட வேலைகள்தான் வழி விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேரும்.

என் பெயர் நௌஃபர். புத்தளத்தில் ஓட்டோ ஓட்டுகிறேன். மிச்ச நேரத்தில் துப்பறிவாளர் றுஷ்னா மிஸ்ஸுக்கு உதவியாளன், அதாவது அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியவன். அது என்னால் முடிவதில்லை. மிஸ் முன்பு பயிர்க் காப்புறுதியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். வெள்ளத்தில் அழிந்தது என்று அழுதவர்களின் தோட்டத்தில் இறங்கி, செடியைப் பிடுங்கி, வேரைப் பார்த்து, "இது தண்ணி கண்ட வேரே இல்லையே" என்று சொல்லி நாலு ஊரில் பகை சம்பாதித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பகை குறையவில்லை.

கற்பிட்டிக்குப் போகிற தெருவில் இஸ்ஸதீன் ஹாஜியாரின் வெங்காயத் தோட்டம். தோட்டத்துக்கு நடுவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. சுற்றிவரப் பக்கத்துத் தோட்டங்களின் தண்ணீர் மோட்டர்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. வேலியோரம் தெருவைப் பார்த்து ஒரு பைப். அதன் மேல் சின்னச் சீமெந்துப் பலகையில் 'மர்ஹூம் இஸ்ஹாக்கின் பேரில்' என்று எழுதியிருந்தது. மௌத்தானவர், அதாவது இறந்தவர் பேரில் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தால் அவருக்கு நன்மை போய்ச் சேரும் என்று வைப்பது.

நான் ஓட்டோவை நிறுத்தி, கையேந்தி இரண்டு மிடறு குடித்தேன். கடல் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் உப்பே இல்லை. இந்தப் பக்கத்தில் கிணறு நல்லதா கெட்டதா என்பதை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தே தீர்மானிப்பார்கள். உப்பில்லை என்றால் நல்ல தண்ணீர், அதற்குமேல் கேள்வி கிடையாது.

"மிஸ், இந்தத் தண்ணிக்காகவே இங்க ஒரு பொண்ணப் பாக்கலாம்" என்றேன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க ஒங்களப் பாக்கணுமே" என்றார் மிஸ்.

பலகையில் இருந்த இஸ்ஹாக், இஸ்ஸதீன் ஹாஜியாரின் பேரன். இரண்டு வருடத்துக்கு முன் கைக்குழந்தையாகவே மௌத்தானவன். அவனைப் பெற்றவள் ஹாஜியாரின் மூத்த மகள் ஷிம்லா. பிள்ளை போனபின் புருஷனும் போய்விட்டான், அவன் போனது கட்டாருக்கு என்றாலும் திரும்பி வருகிற போக்கு இல்லை. இப்போது இளைய மகள் றிஸ்மினாவுக்கு ஒரு பெண் குழந்தை, அஸ்ரியா. பிறந்து இரண்டு மாதம். றிஸ்மினாவுக்குப் பிரசவ ஒப்பரேஷன் காயம் ஆறவில்லை, பாலும் இல்லை. ஆகவே போத்தல் பால். கரைத்துக் கொடுத்தது பெரியம்மா ஷிம்லா.

அந்தப் பிள்ளை இரண்டு தடவை நீலம் பாய்ந்துவிட்டது. உதடு, நகம், நாக்கு எல்லாம் நீலம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் சுகமாகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்பவும் நீலம். குத்தி எடுத்த இரத்தம் சிவப்பாக இல்லை, சொக்லட் நிறமாக இருந்தது என்று டொக்டர் சொன்னார். "ஏதாவது மருந்து, கெமிக்கல் குடுத்தீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது கேள்வி. ஊருக்கு அது போதும், பதிலை ஊரே எழுதிக்கொண்டது.

தன் பிள்ளை செத்தவள், தங்கச்சி பிள்ளை உயிரோடு இருக்கப் பொறுக்காதவள். போத்தல் அவள் கையில்.

றிஸ்மினாவின் புருஷன் ஆகிப் உப்பளத்தில் மேற்பார்வையாளர். நல்ல மனிதன்தான், பயந்துபோன நல்ல மனிதன். அன்று அஸருக்குப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறது. "ராத்தா இந்த வீட்டுல இருந்தா என்ட புள்ள வாசப்படி மிதிக்காது. நான் பொலிசுக்குப் போவன்" என்று மனைவியின் அக்காவைப் பற்றி மாமனாரிடம் சொல்லிவிட்டான். ஷிம்லா விடிய எழும்பிப் பின்பக்க மூலையில் இருக்கிற கச்சான் பாத்தியில் தனியாகக் குந்தி, மண்ணைக் கிளறி மூடுவதைக் கண்ணால் கண்டதாகவும் சொன்னான். சூனியத் தகடு புதைக்கிறாள் என்பது அவன் முடிவு.

ஹாஜியார் எங்களைக் கூப்பிட்டது அதற்குத்தான். ஆஜானுபாகுவான மனிதர், கதிரையில் ஒடுங்கிப்போய் இருந்தார்.

"மகள், என்ட மூத்த புள்ள அப்பிடிச் செஞ்சிருக்க மாட்டா. ஆனா நான் வாப்பா. வாப்பா சொன்னா யாரு நம்புவா? நீங்க பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டுத்தான் சொல்லுவன் ஹாஜியார். ஒங்களுக்குப் பிடிக்காததாவும் இருக்கலாம்."

"இப்ப நடக்கிறதுல எனக்குப் பிடிச்சது என்ன இரிக்கி?" என்றார் அவர்.

கச்சான் என்றால் நிலக்கடலை, அந்தப் பாத்தி ஒரு பாய் விரித்த அளவுதான். நான் மண்வெட்டியைப் பிடித்தேன். ஆகிப் கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றான். மணல்பூமி, தோண்டுவது சுலபம். முழங்கால் ஆழம் போனேன். ஒரு சிப்பி ஓடு, ஒரு பழைய பட்டரி, யாருடைய கொலுசிலோ கழன்ற ஒரு மணி. தகடு இல்லை, சுருட்டிய ஓலை இல்லை, ஆணி அடித்த எலுமிச்சங்காயும் இல்லை.

"சூனியக்காரர் லீவு போல" என்றேன்.

ஆகிப் சிரிக்கவில்லை. "நேத்தே எடுத்திருப்பா" என்றான். ஒன்றும் கிடைக்காததும் அவனுக்கு ஒரு சாட்சி. அவனைப் போன்றவர்களிடம் எந்தக் கெட்டிக்காரனும் வெல்ல முடியாது.

எனக்குக் கோபம் தகட்டின் மேல் இல்லை, கச்சான் மேல்தான். இவ்வளவு தோண்டியதற்கு நாலு கச்சானாவது தின்னலாம் என்று பார்த்தால், செடி முழங்கால் உயரம், இலை கரும்பச்சை, கொத்துக் கொத்தாக அடர்த்தி. பிடுங்கினால் அடியில் மூன்று பிஞ்சு.

"இது கச்சானா கீரையா? உடுப்பு மட்டும் பெருநாளுக்கு, உள்ளுக்குள்ள ஒண்டுமில்ல."

மிஸ் சட்டென்று என் கையிலிருந்து செடியை வாங்கினார். ஒரு வாளித் தண்ணீரில் வேரை அலசினார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இன்னொன்றைப் பிடுங்கினார். அதையும் அலசினார்.

"இதுல என்ன மிஸ் இரிக்கி?"

"ஒண்டும் இல்ல" என்றார். "அதுதான் எனக்குப் பயமா இரிக்கி."

ஷிம்லா குசினியில் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், முகத்தில் பத்து வயது கூட. எங்களைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"விடியப்பறம் அந்தப் பாத்தியில என்ன செய்றீங்க தங்கச்சி?" மிஸ் நேராகவே கேட்டார்.

"கச்சான் பூத்தா அடிக்கு மண்ணணைக்கணும். அதுதான்." கொஞ்சம் பொறுத்து, "அது மட்டுமில்ல மிஸ். பொம்பளைங்க நாங்க மையவாடிக்குப் போறதில்லதானே. இஸ்ஹாக்க எங்க அடக்கினாங்க எண்டுகூட நான் கண்டதில்ல. அவன் வயித்துல இரிக்கக்குள்ள நட்ட பாத்தி இது. இதுல வந்து கொஞ்ச நேரம் குந்தினா மனசுக்கு லேசு" என்றாள்.

நான் மண்வெட்டியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்தப் பாத்தியைக் குப்புறப் புரட்டிப்போட்டது நான்தான்.

"பசளை, உரம் ஏதும் போட்டீங்களா அதுக்கு?"

"கச்சானுக்கு யாரு மிஸ் பசளை போடுவா? கிணத்துத் தண்ணி மட்டும்தான். முந்தி நல்லாக் காய்ச்சது. யூரியா இல்லாமப் போச்சே ஒரு காலம், அந்த வருஷம் வாளி நிறைய எடுத்தன். இப்ப ரெண்டு மூணு வருஷமா எல்லாம் இலைக்கே போகுது."

"போத்தல் எப்பிடிக் கரைக்கிறீங்க?"

அவள் காட்டினாள். அந்தக் குசினியைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது, என் வீட்டுக் கோப்பைகளை நினைத்து. கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, கேத்தலில் ஊற்றி, சின்ன நெருப்பில் கசாயம் மாதிரி பாதியாக வற்றும்வரை காய்ச்சுகிறாள். போத்தலை வேறாக அவிக்கிறாள். ஆறவைத்து, புறங்கையில் விட்டுப் பார்த்துத்தான் பால்மாவைப் போடுகிறாள்.

"இவ்வளவு நேரம் காய்ச்சணுமா?" என்று கேட்டேன்.

"கூடக் காய்ச்சினா கூடச் சுத்தம்தானே நானா. எனக்கும் பால் இருக்கல்ல, அவனும் போத்தல் புள்ளதான். அப்ப பழகினது."

டொக்டரும் தண்ணீரைப் பற்றிக் கேட்டாராம். நல்ல தண்ணீர், கொதிக்கவைத்தது என்று சொன்னதும் அந்தக் கேள்வியை அத்தோடு விட்டாராம். முதல்நாள் மிஸ்ஸும் போனில் இதையே கேட்டு, இதே பதிலைக் கேட்டு, அதை அத்தோடு விட்டவர்தான். இப்போது அவர் கேத்தலின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அடியில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தது.

"இந்தக் கச்சான் விதைய வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"கடற்கரையில யூஜினி அக்காவுக்குக் குடுத்தன்."

"அவட அவிச்ச கச்சான் நான் தின்டிருக்கன். கொட்டை ஒவ்வொண்டும் விரல் மாதிரி" என்றேன்.

"ஓட்டோவ எடுங்க" என்றார் மிஸ். கச்சான் பெயரைச் சொல்லி நான் வாங்கிய முதல் பாராட்டு அது.

யூஜினி அக்காவின் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். புருஷன் யோசேப்பு வலைக்குப் போயிருந்தார், அக்கா மீன்வாடிக் குடிசைக்கு முன்னால் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு தட்டில் அவித்த கச்சான் வந்தது. கேட்காமலே வந்தது, எனக்கு அந்த வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது.

"அக்கா, உங்கட கிணத்துத் தண்ணியா ஊத்துறீங்க கச்சானுக்கு?"

"என்ர கிணத்துத் தண்ணியில மீனைக் கழுவலாம், வேற ஒண்டுக்கும் ஆகாது மிஸ். சரியான உப்பு. குடிக்கிறது லொறியில வாற பவுசர் தண்ணி. கச்சானுக்கு மழைதான். குடுத்தா குடுக்குது, இல்லாட்டி இல்ல."

அவருடைய கச்சான் செடிகள் வாடிச் சாய்ந்து, மஞ்சளோடிக் கிடந்தன. பார்க்கப் பரிதாபம். மிஸ் ஒன்றைப் பிடுங்கினார். அடியில் கச்சான் குலை. அதைவிட அவர் கண் போனது வேருக்கு. வேர் நெடுக, ஊசித்தலை அளவில், உருண்டை உருண்டையாக முடிச்சுகள்.

ஒன்றை நகத்தால் கீறி என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே சிவப்பு, வெட்டுப்பட்ட விரல் மாதிரி.

வாயிலிருந்த கச்சானை விழுங்க மறந்தேன். "கச்சானுக்கு இரத்தமா மிஸ்?"

"கிட்டத்தட்ட. எங்கட இரத்தத்தைச் சிவப்பாக்கிற சாமானுக்கு இது சொந்தக்காரன். எங்களுக்குள்ள அது மூச்சுக்காத்தச் சுமக்குது, இதுக்குள்ளயும் அதே வேலை. பயறு, கவ்பி, கச்சான் எல்லாத்துட வேரிலயும் இந்த முடிச்சு வரும். உள்ளுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கு. அதுகள் காத்துல இரிக்கிற நைதரசன இழுத்துப் பசளையாக்கிச் செடிக்குக் குடுக்கும். செடி அதுகளுக்குச் சீனி குடுக்கும். செடி செத்தா மிச்சப் பசளை மண்ணுக்கு."

"அப்ப ஷிம்லா ராத்தாட கச்சானுக்கு ஏன் முடிச்சு இல்ல?"

"வேர்ல பசளை தாராளமாக் கிடைச்சா செடி முடிச்சே போடாது. ஏன் கஷ்டப்படணும்?"

"மாமனார் வீட்டுல மூணு வேளையும் சோறு வந்தா மாப்பிள்ளை வேலைக்குப் போவானா. அதானே?"

"ஒங்க வாழ்க்கைல முதல் தடவையாச் சரியாச் சொன்னீங்க."

நான் பெருமைப்பட ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினேன். அதே விதை. அதே மணல். ஷிம்லா பசளை போடவில்லை. அப்படியானால் அந்தச் செடிகளுக்கு மூன்று வேளையும் சோறு போட்டது யார்?

"தண்ணி" என்றேன்.

மிஸ் தலையாட்டினார். "மணலுக்கு ஒண்டையும் பிடிச்சு வைக்கத் தெரியாது. வெங்காயத்துக்குப் போடுற யூரியா மழையோட, பாய்ச்சுற தண்ணியோட நேராக் கீழ இறங்கி நைட்ரேட்டாக் கிணத்துக்குப் போகும். அதே தண்ணிய இறைச்சுத் திரும்பவும் வெங்காயத்துக்கு. அதுக்குமேல இன்னொரு மூட்டை யூரியா. நாக்குக்கு அது தெரியாது, உப்புத்தான் தெரியும். பெரிய ஆக்களுக்கு உடம்பு சமாளிக்கும். ரெண்டு மாசப் புள்ளைக்கு ஏலாது. இரத்தத்துல இரிக்கிற அந்தச் சிவப்பைப் பிடிச்சுக் கெடுத்துரும். காத்தச் சுமக்க முடியாம இரத்தம் சொக்லட் நிறமாகும், புள்ளை நீலமாகும்."

கையில் இருந்த கச்சானைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

என் மச்சான் சரீப் இறால் பண்ணையில் வேலை. குளத்துத் தண்ணீரில் நைட்ரேட் பார்க்கிற சொட்டு மருந்துப் பெட்டி அவனிடம் உண்டு. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, இரண்டு மருந்தையும் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் நிறம் வரும். மஞ்சள் என்றால் நல்லது, சிவக்கச் சிவக்க மோசம். அதை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினோம். வழியில் மிஸ் ஆஸ்பத்திரி டொக்டருக்கு எடுத்தார். பிள்ளை ஏற்கெனவே வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி வேனில் ஏறிவிட்டது, அந்த வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் கொடுக்கவேண்டாம் என்றாராம்.

அஸருக்கு முன் எல்லோரும் முன்வாசலில் கூடினோம். ஹாஜியார், ஆகிப், கதவோரத்தில் ஷிம்லா. அவளுடைய பை கட்டி, கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மிஸ் யூஜினி அக்காவிடம் வாங்கி வந்த பவுசர் தண்ணீரை முதலில் பரிசோதித்தார். மஞ்சள். கிணற்றுத் தண்ணீர் எடுத்தார். குலுக்கினார். மஞ்சள், செம்மஞ்சள், பிறகு சிவப்பு.

மிஸ் எல்லாவற்றையும் சொன்னார். முடிச்சு, மணல், யூரியா, இரத்தம். ஹாஜியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான்தானா?" என்றார்.

"நீங்க மட்டுமில்ல ஹாஜியார். இந்தச் சுத்துவட்டாரத்துல மோட்டர் ஓடுற தோட்டமெல்லாம்தான். மண்ணுக்குக் கீழ வேலி இல்ல."

"யூரியா இல்லாமப் போன வருஷம் பட்ட பாட்டுல, கிடைக்கத் தொடங்கினதும் ஒண்டுக்கு ரெண்டாப் போட்டன்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, முழங்காலைப் பார்த்துச் சொன்னார்.

ஷிம்லா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் இரத்தம் வந்திருந்தது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆகிப் விடவில்லை. "இது கிணத்துத் தண்ணி. புள்ளை குடிச்சது கேத்தல் தண்ணி. அதையும் பாருங்க."

"அது வேணாம்" என்றார் மிஸ்.

அப்படி அவர் சொன்னதை நான் கேட்டதே இல்லை. எதையும் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை அவர். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் என் மூளை நேர்ப்பாதையில் ஓடியது. காய்ச்சிய தண்ணீர் சுத்தம், ஆகவே மஞ்சள் வரும், ஆகவே ஷிம்லா ராத்தா சுத்தம். மிஸ் வாயைத் திறக்குமுன் நானே குசினிக்கு ஓடி, கேத்தலைத் தூக்கி வந்து, நானே ஊற்றி, நானே சொட்டு விட்டுக் குலுக்கினேன்.

கடும் சிவப்பு. கிணற்றுத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தால் அது வெளிறித் தெரிந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" ஆகிப் அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்தான். "கிணத்துல இரிக்கிறதவிடக் கூட கேத்தலுக்குள்ள எப்பிடி வந்த? என்னவோ போட்டிருக்கா. நான் சொன்னன்தானே."

ஷிம்லா மிஸ்ஸைப் பார்த்தாள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தார். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற இருந்தது ஒரே ஒரு வழி, அதை அவள் முன்னால் சொல்லாமல் இருக்க வழியே இல்லை.

"நீங்க உப்பளத்துல வேலை செய்றவர்" என்றார் ஆகிப்பிடம். "பாத்தியில கடல் தண்ணி விட்டா, வெயிலுக்கு என்ன நடக்கும்?"

"தண்ணி வத்தும்."

"உப்பு?"

அவன் கேத்தலைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். அவனைவிட நன்றாக அது யாருக்கு விளங்கும்?

"கிருமி எண்டா கொதிக்கச் சாகும். இது கிருமி இல்ல. தண்ணி ஆவியாப் போகும், இது போகாது. பாதியா வத்தினா ரெண்டு மடங்கு. அவ ஒண்டும் போடல்ல. ஒங்கட புள்ளைக்கு நோய் வரக்கூடாது எண்டு காய்ச்சினா, அவ்வளவுதான்."

ஆகிப் எழும்பினான். "ராத்தா" என்றான். பில்டர் தண்ணீர் வாங்கிவருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு மோட்டர்சைக்கிளை எடுத்தான். போகும்போது கதவோரம் இருந்த பையைத் தூக்கி அவளுடைய அறைக்குள் வைத்துவிட்டுப் போனான்.

ஹாஜியார் மெல்ல நடந்து வேலியோரப் பைப்புக்குப் போனார். அங்கே ஒரு இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பேரன் பெயர் எழுதிய பலகையில் கையை ஊன்றிக்கொண்டு, "இந்தத் தண்ணிய இனிப் புள்ளைக்குக் குடுக்காதீங்க மகள்" என்றார்.

"பயப்படாதீங்க ஹாஜியார். நல்லாக் காய்ச்சித்தான் குடுக்கிறன்" என்றாள் அவள்.

அவர் பைப்பை மூடினார். அது ஒரே ஒரு பைப்தான். பக்கத்துத் தோட்டங்களில் மோட்டர்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஷிம்லா அசையவில்லை. இரண்டு குழாய்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மிஸ், இஸ்ஹாக்கும் நீலமாத்தான் போனான்."

மிஸ்ஸுக்கு அது தெரியாமல் இல்லை. அன்று பகல் கேத்தலை எட்டிப் பார்த்த நேரத்திலிருந்தே அவர் அதைச் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறார்.

"டொக்டர் அப்ப இருதயம் எண்டுதானே சொன்னார் தங்கச்சி. இருதயமாவும் இருக்கலாம்."

"இதாவும் இருக்கலாம்."

"ஓம். இனி யாராலயும் சொல்ல ஏலாது."

"அவன் சுகமில்லாம ஆக ஆக நான் கூடக் கூடக் காய்ச்சினன் மிஸ்" என்றாள் ஷிம்லா. அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

என் வாய் ஓயாத வாய். மௌத்தான வீட்டில்கூட ஏதாவது சொல்லி ஏச்சு வாங்கும். அன்றைக்கு அதற்குள் ஒன்றுமே இருக்கவில்லை. அந்தக் குழாயை நான்தான் குலுக்கினேன் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது. றிஸ்மினா ஒரு கையால் வயிற்றுக் காயத்தைப் பொத்திக்கொண்டு மெல்ல இறங்கினாள். மற்றக் கையில் துணிச் சுருளுக்குள் அஸ்ரியா. உதடு நல்ல சிவப்பாக இருந்தது. ஆகிப் போனில் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும், வந்ததும் வராததுமாக அவள் ராத்தாவைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள்.

"ராத்தா, இவளப் பிடிங்க. எனக்குக் கை ஏலாது."

காலையிலிருந்து நாங்கள் பாடுபட்டது இதற்குத்தான். அந்தப் பிள்ளையை அந்தக் கையில் நம்பிக் கொடுக்கலாம் என்று காட்டத்தான். காட்டியாயிற்று, இனி ஊரில் ஒருவராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஷிம்லா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"நீயே வெச்சுக்க" என்றாள்.